விக்கோனியாவை மறுபடி பார்த்தபோது

2000-இல் பால்டர்ஸ் கேட் 2 வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அந்தக் கணினி விளையாட்டில், அத்கட்லா நகரின் அரசு வட்டாரத்தில் ஒரு பெண்ணைக் கம்பத்தில் கட்டி, உயிரோடு கொளுத்தத் தயாராக நிற்கிறது ஒரு வெறிக்கும்பல். அவள்தான் விக்கோனியா. டிரோ எனும் இருண்ட எல்ஃப் இனத்தில் பிறந்ததே அவர்கள் கண்ணில் குற்றம். அவளைக் காப்பாற்றி நம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்த உடனே நம் ரெப்யூடேஷன், அதாவது நற்பெயர் எண், குறையும்.

20 வரை போகும் அந்த எண்தான் அன்று எங்களுக்கு நல்லவன், கெட்டவன் என்பதற்கு அளவு. அப்பாவியைக் கொன்றால் இறங்கும். கோயிலில் தங்கம் கொடுத்தால் ஏறும். ஏறினால் கடையில் சாமான் மலிவு. எரியவிருந்த ஒருத்தியைக் காப்பாற்றிப் பெயரைக் கெடுத்துக்கொண்டு, அதே பெயரைக் காசு கொடுத்து மீட்டபோதுதான் எனக்கு உறைத்தது, அது ஊர்வாயின் கணக்கு என்று. விளையாட்டு இதை எங்கும் விளக்கவில்லை. அதற்காகவே அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தின் எழுத்தாளர்களை இன்றும் மதிக்கிறேன்.

விக்கோனியா இனிமையானவள் அல்ல. வாய் திறந்தால் ஏளனம். நம் பெயர் மிகவும் உயர்ந்துவிட்டால் வெறுத்துப்போய் விலகியே விடுவாள். ஆனால் போகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொல்வாள். லோல்த் தேவிக்கு ஒரு குழந்தையைப் பலியிட மறுத்தவள். அதனால் குடும்பமே அழிந்தது. அவளைக் காப்பாற்றிய சகோதரனைப் பாதிச் சிலந்தியாக மாற்றிவிட்டார்கள். பொறுமையாகக் கேட்டு, காதலும் கூடினால், 2001-இல் வந்த விரிவாக்கமான த்ரோன் ஆஃப் பாலில் அவள் தீமையின் பக்கத்திலிருந்து நகர்ந்து நடுநிலைக்கு வருவாள். கேரக்டர் ஷீட்டில் ஒரே ஒரு சொல்தான் மாறும். அந்த ஒரு சொல்லுக்காக முழு விளையாட்டையும் திரும்ப ஆடியவர்கள் உண்டு.

2023-இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3-இல், கதைப்படி நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டது. என் கூட்டத்தில் ஷேடோஹார்ட். சிறு வயதில் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, நினைவுகள் அழிக்கப்பட்டு, ஷார் தேவியின் அடியாளாக வளர்க்கப்பட்டவள். அவளை அப்படி வளர்த்த மதர் சுப்பீரியரைத் தேடி ஹவுஸ் ஆஃப் கிரீஃபுக்குள் போனால், எதிரே நிற்பவள் விக்கோனியா. குழந்தையைக் கொல்ல மறுத்து எல்லாவற்றையும் இழந்தவள், இன்னொருத்தியின் குழந்தைப் பருவத்தைத் திருடியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் பெற்றோரை இத்தனை காலம் சிறையில் வதைத்துமிருக்கிறாள்.

அவளை இப்படி எழுதியிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. முந்தைய விளையாட்டில் எத்தனையோ பேர் பாடுபட்டு அடைந்த மாற்றத்தை, தொடர்ச்சி என்ற பெயரில் வந்த விளையாட்டு நடக்காததாக்கிவிட்டது. ஆனாலும் தோற்று நிற்கும் அவளைக் கொல்வதா, விடுவதா என்ற கேள்வி வந்தபோது நான் பார்த்தது ஷேடோஹார்ட்டை. நான் அறிந்த விக்கோனியாவை அவள் அறியமாட்டாள். அந்தப் பழைய கதையைச் சொல்ல டயலாக்கில் வரியும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான் ஒருகாலத்தில் நேசித்தவள் என்பதற்காக, காயம்பட்டவளிடம் போய் மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு உரிமையில்லை.