சக்களத்திகள் தோழிகளான கதை

கேள்வி: காலித் ஹுசைனியின் ‘ஆயிரம் சூரியப் பேரொளி’ அழவைத்துவிடும் என்கிறார்களே, படிக்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கைக்குட்டையோடு உட்காருங்கள். ஆங்கிலத்தில் 2007-ல் வந்த நாவல். எழுதியவர் டாக்டருக்குப் படித்தவர்; எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று தெரியும். ஹெராத்தில் பிறந்த மரியமும் காபூலின் லைலாவும் செருப்புத் தைக்கும் ரஷீதுக்கு வாழ்க்கைப்பட்ட சக்களத்திகள். முதலில் முறைத்துக்கொள்கிறார்கள், பிறகு முற்றத்தில் ஒன்றாகத் தேநீர் குடிக்கிறார்கள். நம் சீரியலில் இந்தச் சமாதானத்துக்கே ஐந்நூறு எபிசோடு ஆகும்!

சோவியத் படை போகிறது, முஜாஹிதீன் வருகிறார்கள், பிறகு தாலிபான். ஊரில் கொடி மாறுகிறது. வீட்டில் ரஷீதின் பெல்ட் அடி மாறுவதில்லை. மயக்க மருந்தே இல்லாமல் நடக்கும் ஒரு சிசேரியன் வருகிறது. அந்தப் பக்கத்தைச் சாப்பாட்டுக்கு முன் திறக்காதீர்கள். சிரிக்கவும் இடமுண்டு: தாலிபான் தடைக்குப் பயந்து முற்றத்தில் புதைத்த டி.வி.யை ராத்திரியில் தோண்டியெடுத்து ‘டைட்டானிக்’ பார்க்கிறார்கள்.

முடித்ததும் வீட்டு ஆண்களிடம் கொடுங்கள். ரஷீதைக் கண்டு கோபம் வந்தால் நல்ல சகுனம். ‘அவன் பக்கமும் நியாயம் இருக்கே’ என்றால், அடுத்த பிறந்தநாளுக்கு பெல்ட் மட்டும் வாங்கித் தராதீர்கள்.