மொய் எழுதாத ஆதரவு

மேற்கு சகாரா யாருக்குரியது என்று மொராக்கோவுக்கும் போலிசாரியோ விடுதலை இயக்கத்துக்கும் இடையிலான தகராறில் ஐ.நா.வின் தூதராக இருந்த ஜேம்ஸ் பேக்கர், முதலில் சில ஆண்டுத் தன்னாட்சி, பிறகு இணைப்பா விடுதலையா என்று மக்களே தீர்மானிக்கும் பொதுவாக்கெடுப்பு என்றொரு திட்டத்தைத் தீட்ட, பாதுகாப்பு மன்றம் 2003 ஜூலையில் 1495ஆம் தீர்மானத்தால் அதை ஒருமனதாக ஆதரித்தது. ராஜதந்திரத்தில் ஆதரவு என்பது, கல்யாணத்துக்கு வந்து, வாயார வாழ்த்தி, பந்தியிலும் உட்கார்ந்துவிட்டு, மொய் எழுதும் மேசையை மட்டும் சுற்றிக்கொண்டு போவதாகும். இரு தரப்பும் உடன்பட்டால் என்ற நிபந்தனை அத்தீர்மானத்திலேயே பத்திரமாக இருந்தது. போலிசாரியோ ஏற்றது, மொராக்கோ மறுத்தது, மன்றம் தொடர்ந்து ஆதரித்தது, பேக்கர் 2004 ஜூனில் பதவி விலகினார். வாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே 1991இல் அமைக்கப்பட்ட மினுர்சோ என்னும் ஐ.நா. குழு, நடக்காத அந்த வாக்கெடுப்பின் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கிறது.