ஜெயிக்கப்போறது அவங்கதான், எழுதிக்கோ!

வா தம்பி, உக்காரு. காலிறுதி வருது, யார் யார் ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே எழுதணும்னு நோட்டும் பேனாவுமா வந்திருக்கே. ஆனா கேலிக் கால்பந்துக்கு ஆரூடம் கேக்கக் கெர்ரிக்காரன்கிட்டயா வருவே? எங்க பசங்களா? பாவம், ஒருத்தனுக்கு முழங்கால் வலி, இன்னொருத்தனுக்கு வயசாயிடுச்சு. எதிரே யார் வந்தாலும் அவங்கதான் ஜெயிப்பாங்க. முதல்ல அதை எழுதிக்கோ.

ஏன் சிரிக்கிறே? அகில அயர்லாந்துப் பட்டம் 39 வாங்குன மாவட்டம் இப்படி அழலாமான்னா? அந்த 39-ஐயும் இப்படி அழுது அழுதுதானே வாங்கினோம்!

வாயை விட்டு மாட்டிக்கிட்டது 1982-ல. 1978-லேருந்து தொடர்ந்து நாலு பட்டம். அஞ்சாவதுக்கும் ஆஃபலிதான் எதிரே, முந்தின வருஷம் இறுதியில நாங்க ஜெயிச்ச அதே ஆஃபலி. எருமை வாங்கும் முன்னே நெய் விலை பேசுன மாதிரி, ஆட்டத்துக்கு முன்னாடியே அஞ்சு பட்டம்னு பனியன் அச்சடிச்சாச்சு, பாட்டும் போட்டாச்சு. முடியப்போற நேரத்துல, மாத்து ஆளா வந்த சீமஸ் டார்பி ஒரு கோல் அடிச்சான். ஒரே ஒரு புள்ளியில தோத்தோம். அதுக்கப்புறம் 84, 85, 86 மூணையும் வாயை மூடிக்கிட்டே வாங்கினோம்.

நீ ரொம்பப் படிச்ச பிள்ளை, முந்தின ஆட்டக் கணக்கெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாப்பே. பாரு, வேண்டாம்னு சொல்லலே. 2025 ஜூன்ல, குழு ஆட்டத்துல மீத் எங்களை ஒன்பது புள்ளி வித்தியாசத்துல துவைச்சு எடுத்தாங்க. அன்னிக்கு எங்க பேரை அடிச்சவன் எல்லாம் ஜூலை கடைசியில ரப்பரைத் தேடினான். நடுவுல காலிறுதியில நடப்புச் சாம்பியன் ஆர்மா. ரெண்டாம் பாதியில கால் மணி நேரத்துக்குள்ள எங்க பசங்க 14 புள்ளி எடுத்தாங்க, அவங்களுக்கு ஒண்ணுகூட இல்லே. எப்படின்னு கேக்காதே. குறுக்குக் கம்பிக்கு மேல போனா ஒண்ணு, வலைக்குள்ள விழுந்தா மூணு. 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்னு கம்பிக்கு மேல அடிச்சா ரெண்டுன்னு அந்த வருஷம்தான் புதுசாக் கொண்டுவந்தாங்க. ஆட்டமோ மொத்தம் 70 நிமிஷம். ஆறு புள்ளி முன்னால இருக்கேன்னு ஒருத்தன் டீ குடிக்கப் போனா, திரும்பி வரும்போது பின்னால இருப்பான்.

சமனா முடிஞ்சா கூடுதல் நேரம், அதுவும் சமன்னா பெனால்டி. ஆர்மாக்காரங்க 2022-லேருந்து 2024-க்குள்ள நாலு தடவை பெனால்டியில தோத்தாங்க. 'இவங்களுக்கு ராசியில்லே'ன்னு எழுதினவனுக்குப் பதிலா, அந்த 2024 ஜூலையிலயே கால்வேயைச் சாய்ச்சுக் கோப்பையைத் தூக்கிட்டுப் போனாங்க.

மேயோவா? ஆறு வருஷம் தொடர்ந்து பட்டம் வச்சிருந்த டப்ளினை 2021 அரையிறுதியில கவுத்தவங்க அவங்கதான். அப்புறம் இறுதியில டைரோன்கிட்ட தோத்தாங்க. 1951-க்கு அப்புறம் பட்டம் இல்லே, 1989-லேருந்து 11 இறுதியில தோல்வி. அரையிறுதி வரைக்கும் தைரியமா அவங்க பேரை எழுது, இறுதி வந்தா பேனாவை மூடி வச்சிடு.

சரி, தோக்காத ஆரூடம் ஒண்ணு சொல்லித்தரேன். எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊர் தோக்கும்னு சொல்லு. தோத்தா நீ ஞானி. ஜெயிச்சா அவன் இருக்கிற சந்தோஷத்துல நீ சொன்னதையே மறந்துடுவான். உன் சொந்த ஊருன்னா, எதிராளியை வாயாரப் புகழு. 'உங்களை யாரு அசைக்க முடியும்'னு நாலு பேர் சொன்னாப் போதும், அவன் அந்தக் கனத்தையும் சுமந்துக்கிட்டுத்தான் மைதானத்துக்குள்ள ஓடணும். நீ ஆட்டத்தைக் கணிக்கிறதா நினைக்கிறே. நாங்க அதைப் பேசியே பாதி ஆடிடுவோம்.

எங்க டேவிட் கிளிஃபர்டா? ஆமா, நல்லா ஆடுவான்னுதான் சொல்றாங்க. ஆனா இந்த ஆட்டத்துல யாருக்கு தம்பி சம்பளம்? அவன் பள்ளிக்கூட வாத்தியார். வருஷம் பூரா நோட்டுத் திருத்தின கை, களைச்சுப் போயிருக்கும்.

ஆகமொத்தம் கோப்பை இந்த வருஷம் எங்களுக்கு இல்லே. எழுதிட்டியா? கொட்டை எழுத்துல எழுது, எதிராளிக்கும் தெரியட்டும். ஜூலை கடைசி ஞாயித்துக்கிழமைக்கு டப்ளின்ல, இறுதி ஆட்டம் நடக்கிற குரோக் பார்க் பக்கமா ஒரு ரூம் போட்டு வச்சிருக்கேன். அது சும்மா ஊர் சுத்திப் பாக்க, தம்பி.