அவுட்பாக்ஸில் அடைபட்ட கொட்டேஷன்

கேள்வி: அண்ணே, ஆபீஸில் கம்பெனி மெயில் ஒழுங்காகப் போகிறது. ராத்திரி ரூமுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் வருவதெல்லாம் வருகிறது. அனுப்புவது மட்டும் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்துவிடுகிறது. (ஷார்ஜா வாசகர்)

பதில்: வரும் வாசல் வேறு, போகும் வாசல் வேறு தம்பி. போகும் வாசலின் போர்ட் எண் 25 என்று இருக்கிறதா பாருங்கள். 1982-இல் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் எழுதிவைத்த மெயில் அனுப்பும் முறையில், 'நீ யார்' என்று கேட்காமலே கடிதத்தை வாங்கிக்கொள்வார்கள். அந்த நல்ல மனசைக் குப்பை மெயில்காரர்கள் சூறையாடியதால், வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்துவைப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. 587-க்கு மாற்றி, பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். ஆபீஸ் சர்வர் அதற்குத் தயாராக இருக்கிறதா என்று ஐடிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 25 எம்.பி. வரை போகும் என்றார்கள். 20 எம்.பி. டிராயிங்கையே 552 என்று திருப்பிவிட்டதே? (முசஃபா வாசகர்)

பதில்: ஊருக்குப் போகும்போது சாமானை மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டி, கயிறு, டேப் கணக்கை மறந்தால் ஏர்போர்ட் கவுண்ட்டரில் மாட்டுவோம் இல்லையா? மெயிலில் போகும் ஃபைலையும் எழுத்துகளாக மாற்றிக் கட்டுகிறார்கள். மூன்று பங்கு நான்கு பங்காகும். உங்கள் 20, 27-ஐத் தொட்டிருக்கும். 18-க்குள் அடக்குங்கள்.

கேள்வி: வியாழன் மாலை ரியாத்துக்கு கொட்டேஷன் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை 'போகவில்லை' என்று வருகிறது. மேனேஜர் என் மேல் பாய்கிறார். அத்தனை நாள் அது எங்கே இருந்தது? (தேரா வாசகர்)

பதில்: உங்கள் சர்வர் வரிசையில், கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. எதிர்ச் சர்வர் 4-இல் தொடங்கும் எண் சொன்னால் 'பிறகு வா' என்று பொருள். 5-இல் தொடங்கினால் 'வராதே'. பிறகு வா என்றவரை நாலைந்து நாளாவது தட்டிப் பார் என்கிறது மெயில் விதி. இதில் நம் வளைகுடாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 2022 ஜனவரி முதல் அமீரக அரசின் வார விடுமுறை சனி, ஞாயிறு. சவூதியில் வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை நீங்கள் இருக்கும்போது அங்கே சர்வரைப் பார்க்க ஆளில்லை. ஞாயிறு அவர்கள் வரும்போது நீங்கள் இல்லை. நடுவில் 'தாமதம்' என்று ஒரு தகவல் வந்திருக்கலாம், குப்பைப் பெட்டியையும் தேடுங்கள். திரும்பிய மெயிலை அப்படியே மேனேஜருக்கு அனுப்புங்கள். அனுப்பிய நேரம், மறுத்த சர்வர், காரணம் எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அனுப்பிய பையனைத் திட்டுவது அநியாயம்.

கேள்வி: மெயில் போகாதபோதெல்லாம் எங்கள் ஐடிக்காரர் 'கடலில் கேபிள் அறுந்திருக்கும்' என்கிறார். நம்பலாமா? (மஸ்கட் வாசகர்)

பதில்: நடந்திருக்கிறது. 2008 பிப்ரவரி 1 அன்று துபாய்க்கும் ஓமனுக்கும் இடையே ஃபால்கன் கேபிளை அறுத்தது, யாரோ கைவிட்ட ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட கப்பல் நங்கூரம். 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே கேபிள்கள் அறுந்தபோதும் அமீரகம் வரை இணையம் இழுத்தது. ஆனால் கேபிள் போனால் எல்லாமே திணறும். மற்றதெல்லாம் ஓடி, மெயில் மட்டும் 535 என்று மறுத்தால் நங்கூரத்தைத் தேடாதீர்கள். போன வாரம் மாற்றிய பாஸ்வேர்டை இந்த லேப்டாப்பிலும் மாற்றுங்கள்.