ஐந்து சுட்டிகளுக்கு ஓர் அட்டவணை

முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், படங்கள், தொடர்புக்கு. இந்த ஐந்தையும் வரிசையாக நிறுத்த, தொண்ணூறுகளின் இணைய வடிவமைப்பாளர்கள் அட்டவணைக்குள் அட்டவணை கட்டினார்கள். இடைவெளி போதாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் பிக்சல் ஜிஃப் படத்தை இழுத்து நீட்டி முட்டுக் கொடுத்தார்கள். மதிப்பெண்ணும் கணக்கும் காட்டப் பிறந்த டேபிள் என்னும் அந்த அட்டவணை, பந்தல்கால் வேலை பார்த்தது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் ஒன்றுதான் அதை நம்பி, ‘அட்டவணை, ஒரு வரிசை, ஐந்து கட்டம்’ என்று பயபக்தியோடு அறிவித்தது.

அன்று வேறு வழி ஏது என்பார்கள். பக்கத்தின் தோற்றத்தைத் தனியே எழுதும் மொழியான சிஎஸ்எஸ் 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் நெட்ஸ்கேப் 4 உலாவியில் அது பட்ட பாட்டைப் பார்த்தால் அந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. உலாவிகள் திருந்தியதும் அந்தப் பாதியும் கரைந்தது. சுட்டிகளைப் பட்டியலாக எழுதி, புள்ளிகளை நீக்கி, பக்கவாட்டில் மிதக்கவிட்டால் மெனு தயார். நிறம் மாற்ற நூறு பக்கங்களைத் திறக்க வேண்டாம், ஒரே கோப்பில் ஒரு வரி போதும். மிதக்கவிட்டதும் கீழே இருந்த பத்தி மேலேறி வந்து ஒட்டிக்கொண்டது உண்மைதான். பிறகு ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்னும் சிஎஸ்எஸ் வசதி வந்து அந்தத் தொல்லையையும் தீர்த்தது. வேடிக்கை வேறு இடத்தில். 2009இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8க்கு எதையும் டேபிள் போல அடுக்கும் ‘டிஸ்ப்ளே: டேபிள்’ என்ற சிஎஸ்எஸ் வரி புரியத் தொடங்கியதும், டேபிளை வைத வாய்களே அதைப் பின்வாசல் வழியாக அழைத்துக்கொண்டன. அது தோற்றம் மட்டுமே, பொருள் அல்ல என்பது அவர்கள் பதில். சரியான பதில்தான்; கேட்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. மின்னஞ்சல் செய்திமடல்களிலோ டேபிள் இன்றும் வேலையில் இருக்கிறது: 2007 முதல் விண்டோஸ் அவுட்லுக் அவற்றை வரைந்தது சிஎஸ்எஸ் சரியாகப் பழகாத வேர்டு மென்பொருளின் கையால்.