வெள்ளை டீப்பாய்க்கு வார்னிஷ் தேர்ந்தெடுப்பது எப்படி?

தாத்தா காலத்துத் தேக்கு டீப்பாய்க்கு வெள்ளை எனாமல் அடித்துவிட்டீர்கள். வாழ்த்துகள்! தேக்கின் ரேகையை மறைத்ததில் பாதி வேலை முடிந்தது. அந்த வெள்ளையையும் கெடுத்துவிட்டால் மீதியும் முடிந்துவிடும். அதற்குத்தான் மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு.

1. முதலில் பரணில் ஏறுங்கள். வாசல் கதவுக்கு அடித்து மிஞ்சிய வார்னிஷ் டப்பா அங்கே இருக்கும். மேலே ஏடு படிந்திருந்தால் ஸ்குரூடிரைவரால் குத்தி உள்ளே தள்ளிக் கலக்குங்கள். வீட்டில் இருப்பதே பொருத்தமானது.

2. பரண் கைவிட்டால் கடைக்குப் போங்கள். "கீழே என்ன பெயின்ட் சார் அடிச்சிருக்கீங்க?" என்பார் கடைக்காரர். "வெள்ளை" என்று சொல்லுங்கள். "எனாமலா, வாட்டர் பேஸா?" என்று விடாமல் குடைவார். "நல்ல பெயின்ட்தான்" என்று முடித்துக்கொள்ளுங்கள். மேல்பூச்சு பிடிக்குமா, சுருங்குமா, உரியுமா என்பதெல்லாம் அடியில் இருக்கும் பெயின்டைப் பொறுத்தது. அப்படிப்பட்ட ரகசியத்தைக் கடை கவுன்டரில் கொட்டலாமா?

3. அவர் வாட்டர் பேஸ் பாலியூரித்தேன் டப்பாவைத் திறந்து காட்டுவார். திரவம் வெண்மையாக இருக்கும். காய்ந்தால் தெளிந்துவிடும், வெள்ளையை அவ்வளவாக மஞ்சளாக்காது என்பார். நம்பாதீர்கள். பக்கத்தில் பொன்னிறமாக மின்னுகிறதே எண்ணெய் வார்னிஷ், அதை எடுங்கள். அடித்த அன்றே டீப்பாய் லேசாகப் பழுத்துவிடும். மாதங்கள் போகப் போக நன்றாகவே கனியும். இன்னொரு நுணுக்கம்: இந்த வார்னிஷ் வெளிச்சம் படாத இடத்தில்தான் அதிகம் மஞ்சளாகும். ஆகவே நடுவில் ஒரு துணியை விரித்து, மேலே பூ ஜாடியை வைத்து, மறந்துவிடுங்கள். துணியை எடுக்கும் நாளில் அதன் வடிவம் அப்படியே மேசையில் இருக்கும். செலவில்லாத டிசைன்.

4. ஷோரூம் பளபளப்பு வேண்டுமென்றால் என்.சி. லேக்கர். சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது ஒரு வசதி. அதன் தின்னர் அடியிலிருக்கும் எனாமலை ஊறவைத்துப் பாலாடை மாதிரி சுருக்கிவிடும் என்பது கூடுதல் வசதி. அடிப்பதற்குக் கார்த்திகை மாதத்து அடைமழை நாளாகப் பாருங்கள். தின்னர் விறுவிறுவென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு வெளுத்து மங்கும். டீப்பாயும் வெள்ளைதானே, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

5. பாரம்பரியப் பற்று உள்ளவர்களுக்கு பிரெஞ்சு பாலிஷ். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்தது. "கெமிக்கலே கிடையாது" என்று விருந்தாளிகளிடம் அளக்கலாம். ஸ்பிரிட்டில் கரைந்து வந்தது ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும் என்பதால், சானிடைசர் புட்டிக்கு அதுவே நிரந்தர இடமாகட்டும்.

தேன்மெழுகும் உண்டு. 62 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஆற்றாத காபி டபராவை நேராக வையுங்கள்.

6. உப்புத்தாள் வாங்காதீர்கள். எனாமலின் வழவழப்பை 320 நம்பரில் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்த பிறகுதான் மேல்பூச்சு பிடிக்கும் என்று ஆசாரி சொல்வார். ஆசாரிகள் எப்போதும் வேலையைக் கூட்டத்தான் சொல்வார்கள்.

7. விரலால் தொடுங்கள். ஒட்டவில்லையா? காய்ந்துவிட்டது, அடிக்கலாம். எனாமல் உள்ளே முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்களே!

8. மேசையின் அடிப்பக்கம் ஒரு சாண் அடித்துச் சோதித்துப் பார்ப்பது கோழைகளின் வழி. நேராக நட்டநடுவில் தொடங்குங்கள். மேட் வார்னிஷ் என்றால் டப்பாவைக் கலக்கவே கூடாது. பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் படிந்தே கிடக்கட்டும். மேல் பாதி மினுங்கும், அடி பாதி சுண்ணாம்பு அடித்ததுபோல வரும். ஒரே டப்பாவில் இரண்டு பூச்சு! பளபளப்பு வகை என்றால் மாறாக, டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். குமிழிகள் அப்படியே உறையும். மூன்று மெல்லிய கோட்டுக்குப் பதிலாக ஒரே தடித்த கோட்டாக ஊற்றி அடியுங்கள். ஃபேன் ஐந்தில் ஓடட்டும். கட்டில் அடித் தூசிக்கும் ஒரு போக்கிடம் வேண்டாமா?

9. மறுநாள் காலை தினசரியை அதன்மேல் விரித்துப் படியுங்கள். எடுக்கும்போது தலைப்புச் செய்தி மேசையிலேயே தங்கிவிடும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் வாசிக்கலாம்.

10. வாசித்து முடித்ததும் அதன்மேல் மெழுகைத் தாராளமாகத் தேய்த்துவிடுங்கள். மெழுகின்மேல் எந்தப் பெயின்டும் சரியாகப் பிடிக்காது. அடுத்த முறை என்ன அடிப்பது என்ற குழப்பம் உங்கள் பேரன்களுக்கும் இல்லை.