கொரியா வேண்டும், கொரியச் சட்டம் வேண்டாம்

2025 மே 8ஆம் தேதி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 5,000 கோடி ரூபாய், 247 ஏக்கர், ஆண்டுக்கு எட்டு லட்சம் ஃபிரிட்ஜ், எட்டரை லட்சம் வாஷிங் மெஷின், 15 லட்சம் ஏசி. சத்தியவேடு, வரதையபாளையம் பக்கத்து நிலம்; 2022 வரை எங்கள் சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். அமைச்சர் நாரா லோகேஷ் வந்திருந்தார். நாள், நட்சத்திரம் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். முந்தைய நாள் என்ன நாள் என்பதை எந்தப் பஞ்சாங்கத்திலும் போடுவதில்லை.

2020 மே 7, விடியற்காலை மூன்று மணி. விசாகப்பட்டினத்தை ஒட்டிய ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஊருக்குள் புகுந்தது. ஊரடங்கால் ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டிய திரவம் தொட்டிக்குள்ளேயே சூடேறிக் கொதித்தது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் தெருவிலேயே விழுந்தார்கள். 12 பேர் செத்தார்கள். ஆலையில் சைரன் இருந்தது, ஒலிக்கவில்லை. அந்தக் கம்பெனி வேறு, இந்தக் கம்பெனி வேறு என்பார்கள். சட்டப்படி சரிதான். பலகையில் உள்ள இரண்டு எழுத்து ஒன்று, குடும்பம் ஒன்று. ஐந்து ஆண்டும் ஒரு நாளும் கழித்து அதே மாநிலம் அந்த எழுத்துகளுக்கு மாலை போட்டது.

ஆலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் குப்பம் ஊரிலிருந்து விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்பும் கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆலை வரட்டும். ஆலையோடு எதை இறக்குமதி செய்கிறோம், எதைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்புகிறோம் என்பதில்தான் வயிறு எரிகிறது.

எங்கள் ஆட்சியாளர்களுக்குச் சிங்கப்பூர் அலுத்துவிட்டது, இப்போது கொரியா. நல்லது, கொரியாவையே பார்ப்போம். அங்கே 2018இலிருந்து வாரத்துக்கு 52 மணி நேரம்தான் வேலை, மிகைநேரமும் சேர்த்து. 2023இல் அதை 69 ஆக்கலாம் என்று அரசு வாயைத் திறந்தது. இளைஞர்கள் போட்ட போட்டில் வாயை மூடிக்கொண்டது. எங்கள் ஆந்திர அமைச்சரவை 2025 ஜூனில் நாளுக்கு ஒன்பது மணி நேரத்தைப் பத்தாக்கியது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆனது. ஒரு காலாண்டுக்கு 75 மணி என்றிருந்த மிகைநேர வரம்பு 144 ஆனது. முதலீட்டாளருக்கு வசதியாம். தமிழ்நாடும் யோக்கியம் இல்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு, கூட்டணிக் கட்சிகளே கொதித்த பிறகு மே தினத்தன்று திரும்பப் பெற்றது. தொழிலாளிக்கு மே தினப் பரிசாம்! திருடிய பர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொய் எழுதியதாகக் கணக்குக் காட்டும் சாமர்த்தியம்.

2018 டிசம்பரில் கொரியாவின் தேயான் அனல்மின் நிலையத்தில் கிம் யோங்-க்யூன் என்ற 24 வயது ஒப்பந்தத் தொழிலாளி, இரவில் தனியாக வேலை பார்த்தபோது நிலக்கரி கன்வேயரில் சிக்கிச் செத்தார். அவர் விட்டுச்சென்ற பொருள்களில் சில கப் நூடுல்ஸ் இருந்தன. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாதவனின் சாப்பாடு. அதே கப் நூடுல்ஸை நம் பிள்ளைகள் நாகரிகம் என்று ரீல்ஸ் போட்டுக்கொண்டு உறிஞ்சுகிறார்கள். அவர் தாய் உண்ணாவிரதம் இருந்தார். நாடே கூட நின்றது. பாதுகாப்பில் அலட்சியம் காட்டி ஆலையில் ஆள் செத்தால் முதலாளியையும் தலைமை நிர்வாகியையும் குறைந்தது ஓராண்டு சிறைக்கு அனுப்ப இடம் தரும் சட்டம் 2022 ஜனவரி 27இல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. 2024 ஜூனில் ஹ்வாசொங் நகரின் அரிசெல் பேட்டரி ஆலைத் தீயில் 23 பேர் கருகினார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த வெளிநாட்டார். ஆனால் 2025 செப்டம்பரில் அந்த நிறுவனத் தலைவருக்குக் கீழ்நீதிமன்றம் 15 ஆண்டு சிறை விதித்தது. கே-டிராமா வந்தது, கே-பாப் வந்தது, தோல் பளபளக்கக் கிரீம் வந்தது. இந்தச் சட்டத்துக்கு மட்டும் இன்னும் விசா கிடைக்கவில்லை.

‘ஸ்க்விட் கேம்’ பார்க்காத கல்லூரிப் பிள்ளை இன்று திருப்பதியில் உண்டா? அதன் நாயகன் வேலை பறிபோன கார் ஆலைத் தொழிலாளி. 2009இல் ஸாங்யாங் ஆலையில் நடந்த ஆட்குறைப்பும் 77 நாள் போராட்டமும்தான் அதற்குப் பின்னணி என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். 2011இல் அந்த ஸாங்யாங்கை வாங்கியது நம் மகிந்திரா. கொரியாவின் கண்ணீரில் நமக்கும் பங்கு இருந்தது; தொடராக வந்தபோது சந்தா கட்டிப் பார்த்தோம்.

சாம்சங் கதை இன்னும் ருசியானது. சங்கமே கூடாது என்று பல பத்தாண்டு நடத்திய கம்பெனி. 2020 மே 6ஆம் தேதி, வெங்கடாபுரத்தில் விஷ ஆவி கசிவதற்கு முந்தைய நாள், சாம்சங் வாரிசு லீ ஜே-யோங் சியோலில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார், இனிச் சங்க மறுப்பு இல்லை என்றார். நாலு வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 9இலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளிகள் அதே சங்க உரிமையைக் கேட்டு 37 நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். பந்தலைப் பிரித்தது கொரியப் போலீஸ் அல்ல, தமிழ்நாட்டுப் போலீஸ். சங்கத்தைப் பதிவு செய்யவே 2025 ஜனவரி ஆனது. முதலாளி தன் ஊரில் கேட்ட மன்னிப்பு இங்கே செல்லாது. அதைச் செல்லாமல் பார்த்துக்கொள்ள நம் அரசாங்கமே காவல் நிற்கும். திருப்பதிக்கு வருகிறவர்கள் மொட்டை போட்டுக்கொள்வது வழக்கம். முதலீட்டோடு வருகிறவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. அரசே எங்களுக்கு அடித்துவிட்டு அவர்களுக்குப் பிரசாதம் கொடுக்கும்.

இப்போது குப்பம், முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி. தமிழ்நாட்டில் 1,720 கோடி போடுவதாக அறிவித்த ஹ்வாசங் என்ற கொரியக் காலணி நிறுவனம் குப்பத்துக்குத் தாவியதாக 2025 நவம்பரில் செய்தி வந்தது. இங்கே பட்டாசு, அங்கே ஒப்பாரி. ஏன் கொரியாவின் பூசானிலிருந்து செருப்பு இவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. எண்பதுகளில் உலகத்தின் விளையாட்டுக் காலணி பூசான் பெண்களின் கையில் தைக்கப்பட்டது. 1987இல் கொரியத் தொழிலாளிகள் திரண்டெழுந்து கூலி கேட்டார்கள், சங்கம் கேட்டார்கள், வாங்கினார்கள். காலணித் தொழில் மூட்டை கட்டி இந்தோனேசியா போனது, சீனா போனது, வியட்நாம் போனது. இப்போது குப்பம். எங்கள் பெண்களின் கூலி குறைவு என்பதற்குக் கிடைத்த சர்வதேச அங்கீகாரத்துக்குத்தான் பட்டாசு வெடிக்கிறோம்.

இதில் உச்சம் என்னவென்றால், அதே அரசு பிள்ளை பெறச் சொல்கிறது. ஆந்திரத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைகூட இல்லை, கிழவர் மாநிலமாகிவிடும் என்று முதல்வர் கவலைப்படுகிறார். இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற பழைய தடையை 2024இல் நீக்கினார்கள். 2025 மார்ச்சில் விஜயநகரம் எம்.பி. ஒருபடி மேலே போனார்: மூன்றாவது பெண்ணாகப் பிறந்தால் 50,000 ரூபாய் வைப்பு, ஆணாகப் பிறந்தால் ஒரு பசுமாடு. கொரியாவில் பூயோங் என்ற கட்டுமானக் கம்பெனி தன் ஊழியர் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் பத்துக் கோடி வோன் தருகிறது. அரசும் கோடி கோடியாகக் கொட்டியது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை, உலகத்திலேயே அடிமட்டம். ராத்திரி வீடு திரும்பி முகம் பார்த்துப் பேசவே தெம்பில்லாத ஊரில் தொட்டில் எப்படி ஆடும்? பத்து கோடி வோனால் ஆகாததைப் பசுமாடு சாதிக்குமாம். பகலில் பத்து மணி நேரம் செருப்புத் தைக்க வேண்டும், பெண்களுக்கு இரவு ஷிப்டும் திறந்துவிட்டாச்சு, இதற்கு நடுவே மூன்று பெற வேண்டும். எந்த ஷிப்டில் என்பதையும் அமைச்சரவையே ஒரு அரசாணை போட்டுச் சொல்லிவிடட்டும்.

சத்தியவேட்டிலும் குப்பத்திலும் பிள்ளைகளை இந்த ஆலைகளுக்கு அனுப்பப்போகும் அப்பா அம்மாக்களே, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் மாடு கேட்காதீர்கள். 2022 ஜனவரி 27இல் கொரியாவில் அமலான அந்தச் சட்டத்தைத் தெலுங்கில் போட்டு, ஆந்திர சட்டமன்றத்தில் நிறைவேற்றித் தரச் சொல்லுங்கள்.